உலக நாடுகளோடு சண்டை போட்டவர்

அவர் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோதே போனில் யாரையோ திட்டிக்கொண்டுதான் வந்தார். நெய்வேலி மெயின் பஜாரில் என்னுடையது சின்ன ஜெராக்ஸ் கடை. கையில் வழவழப்பான அட்டை போட்ட குழந்தைகள் புத்தகம். அதில் ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்து, ஒரு காப்பி என்று விரலைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

"இல்லைங்க, நான் ஆர்டர் கொடுக்கக் கூப்பிடல. எகிப்துன்னு போட்டு, 'இங்கே மக்கள் ஒட்டகத்தில் பயணம் செய்கிறார்கள்'னு எழுதியிருக்கீங்க. சரி. அங்க பஸ் ஓடாதா? கேக்குறேன் இல்ல, பதில் சொல்லுங்க. கெய்ரோன்னு எம்மாம் பெரிய ஊரு. அத்தன பேரும் ஒட்டகத்துல வேலைக்குப் போனா சாணி அள்றது யாரு? ஹலோ... ஹலோ..."

எதிர்முனை துண்டித்துவிட்டது. போனை முறைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"வெச்சிட்டான். நீங்க சொல்லுங்க, எகிப்துல பஸ் ஓடுமா ஓடாதா?"

"ஓடும்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்க இல்ல? அவ்ளோதான். இந்த புக்கப் போட்டவன் அதக்கூட நெனைக்கல."

காப்பியை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய புடவை எப்போதும் ஒருபக்கம் தூக்கியிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சண்டை போடும்போது மட்டும் அதை மூக்கில் ஏற்றிக்கொள்வார். அதனால் அது பெரும்பாலும் மூக்கில்தான் இருந்தது.

டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் அவர் நூலகர். பள்ளியின் பெயர் வேண்டாம். என் மகள் சங்கவி அங்கேதான் படித்தாள். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவர் லைப்ரரி மிஸ். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து, "என்னக் கேட்டா எழுதுனீங்க?" என்று நிற்பார்.

எங்கள் ஊரில் மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். பெர்மனன்ட், கான்ட்ராக்ட். சுரங்கத்தில் தொடங்கிய இந்தப் பிரிவு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது. லைப்ரரி மிஸ்ஸின் அப்பா பெர்மனன்ட். மதுரைப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர். மகள் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, நூலகப் படிப்பும் முடித்து, கடைசியில் வருடா வருடம் புதுப்பிக்கும் கான்ட்ராக்ட்டில் பள்ளியில் உட்கார்ந்தார். அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் மகள் மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார்.

பள்ளி நிர்வாகம் ஒரு புத்தக வரிசை வாங்கியிருந்தது. உலக நாடுகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்துவது. நாட்டுக்கு ஒரு பக்கம். மேலே கொடி, நடுவில் சிரிக்கிற ஒரு பையனோ பெண்ணோ, கீழே நான்கு வரி. அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் கண்ணில் படும்படி அதைக் கண்ணாடி அலமாரியில் முன்னால் அடுக்கியிருந்தார்கள். லைப்ரரி மிஸ் ஒவ்வொரு பக்கத்தோடும் சண்டை போட்டார். ஜப்பான் பக்கத்தைத் திறந்தால், "ஏன், பொழுதன்னிக்கும் பூப்போட்ட கவுன மாட்டிகினு விசிறியோட நிக்கணுமா அந்தப் பொண்ணு? அதுக்கு ஹோம்வொர்க் கிடையாதா?" என்பார். மெக்சிகோ பக்கத்தில் ஒருவன் பெரிய தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கள்ளிச்செடி ஓரம் தூங்கிக்கொண்டிருந்தான். "ஊரே தூங்குதா? அப்ப வெவசாயம் பண்றது யாரு, அந்தச் செடியா?" என்று வகுப்பு முழுவதையும் கேட்டார். பிள்ளைகள் சிரித்தால், "சிரிக்கிறதுக்குச் சொல்லல" என்று மேசையைத் தட்டுவார்.

ஒரு நாட்டைப் பற்றிய புத்தகம் நல்ல புத்தகமா என்று பார்க்க அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது. "இந்த நாட்டுல ஸ்கூலுக்கு லேட்டாப் போயி திட்டு வாங்குற புள்ள ஒண்ணாவது இருக்குதா?" இருந்தால் வைத்துக்கொள்வார். இல்லையென்றால் தூக்கி மேல் தட்டில் போட்டுவிடுவார். அப்படித் தேறிய புத்தகங்களில் ஒன்றை சங்கவி வீட்டுக்கு எடுத்துவந்து தையல் பிரிகிறவரை படித்தாள். சிலி நாட்டில் பஸ்ஸில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டு திரிகிற ஒரு சிறுமியின் கதை. "அம்மா, சிலியிலகூட அம்மாங்க செருப்புக்குத் திட்டுவாங்களா?" என்று கேட்டாள். "எங்கயும் திட்டுவோம்டி" என்றேன். சிலி எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நானும் தேடிப் பார்த்தேன்.

இதையெல்லாம் கேட்டு அவர் இனிமையான மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். ஈரக்கையோடு புத்தகத்தைத் தொட்ட பிள்ளையை அழவைத்துவிடுவார். குறிஞ்சிப்பாடி பஸ் கண்டக்டரோடு சண்டை. தக்காளி எடை போடுகிறவரோடு சண்டை. என் கடையில் மை மங்கலாக விழுந்ததென்று என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. "அவங்களுக்கு வூட்ல ஆளு இல்ல, அதான் இப்புடி" என்று பள்ளியில் ஒரு டீச்சர் என்னிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் ஒரு சூப்பர்வைசர் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். அவருக்கு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை. பெண் கோபப்பட்டால் மட்டும் வீட்டுக்குள் போய்க் காரணத்தைத் தேடுகிறார்கள்.

அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். கடையில் மெஷினுக்குள் பேப்பர் சிக்கிக்கொண்டது. நான் மூடியைத் திறந்து கிழிந்த தாளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எட்டு வயசு இருக்கும். ஜெர்மனியிலேர்ந்து மெஷின் மாட்றதுக்கு இன்ஜினியருங்க வந்திருந்தாங்க. ஒருத்தரு பொண்ணையும் கூட்டியாந்திருந்தாரு. எங்க வயசுதான் அதுக்கும். கிளப்ல எங்களோட வெளையாட வுட்டாங்க. அது கையில ஒரு படப் புஸ்தகம். நம்ம நாட்டப் பத்தினது. தொறந்து காட்டுது. சட்டையில்லாத பையன், பக்கத்துல யானை, பின்னால கூடைக்குள்ள பாம்பு. அந்தப் பையனக் காட்டுது, என்னக் காட்டுது. அப்புறம் கைய மூக்குகிட்ட வெச்சி தும்பிக்க மாதிரி ஆட்டி, எங்கன்னு கேக்குது. உன் யானை எங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு தலைய ஆட்டியிருக்கலாம். ஆட்டுனா அந்தப் பொண்ணு மூஞ்சி சுண்டிப்போயிடும்னு தோணிச்சு. இருக்குது, காடாம்புலியூர்ல எங்க மாமா வூட்ல பலா மரத்துல கட்டிப் போட்டிருக்குதுன்னு சொல்லிட்டேன். கிளப் வாட்ச்மேன் அத இங்கிலீஷ்ல வேற எடுத்துச் சொல்லிட்டாரு. காடாம்புலியூர்ல எங்களுக்கு மாமாவே கிடையாதுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"சிரிக்காதீங்க. அது ஊருக்குப் போற வரைக்கும் யானையக் காட்டு, யானையக் காட்டுன்னு வாசல்ல வந்து நின்னுச்சு. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிகினு இருந்தேன். எவனோ தப்பா வரைஞ்சதுக்கு ஒளிஞ்சது யாரு? நானு. அந்தப் பக்கத்துக்குள்ள நொழையறதுக்குப் பொய் சொன்னது யாரு? நானு. அப்பத்திலேர்ந்து எனக்கு எரியுது."

பேப்பரை எடுத்துவிட்டேன். மெஷின் ஓடியது.

சங்கவி ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் பள்ளியில் உலக நாடுகள் தினம் என்று அறிவித்தார்கள். அந்தப் புத்தக வரிசையை வைத்தே நிகழ்ச்சி. பக்கத்தில் இருக்கிற மாதிரி உடுத்திக்கொண்டு பிள்ளைகள் மேடைக்கு வந்து ஆட வேண்டும். உடைகளைப் பள்ளியே வாடகைக்கு எடுத்தது. "அம்மா, நான் ஆப்பிரிக்கா!" என்று சங்கவி குதித்துக்கொண்டு வந்தாள். அவள் நன்றாக ஆடுவாள். அதனால்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் வீடு முழுக்க ஆடிக்கொண்டே நடந்தாள்.

ஒத்திகை நாளன்று அவள் அழுதுகொண்டு வந்தாள். முகத்தில் ஒருபக்கம் வெள்ளைச் சாயம் இழுசிக்கொண்டிருந்தது.

"லைப்ரரி மிஸ் மேடைக்கு வந்து என் மாலையப் புடுங்கிட்டாங்கம்மா. அவங்க முந்தானையாலயே என் மூஞ்சியத் தொடச்சிட்டாங்க. கிளாஸ் மிஸ்ஸத் திட்டுனாங்க. என் டான்ஸையே எடுத்துட்டாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாள் கடையைத் திறக்காமல் நேராக நூலகத்துக்குப் போனேன். அவர் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ண மேடையிலேர்ந்து எறக்குறதுக்கு நீங்க யாருங்க? உங்களுக்குப் புஸ்தகத்தோட சண்ட போடணும்னா போட்டுக்குங்க. எம்புள்ளதான் கெடச்சாளா?"

அவர் திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துவந்தார்.

"இத ஜெராக்ஸ் எடுக்க உங்ககிட்ட நான் கொண்டாரல. பாக்கவே புடிக்கல. இப்பப் பாருங்க. பிரான்ஸ், ஒரு பக்கம். சுவிட்சர்லாந்து, ஒரு பக்கம். ஆப்பிரிக்கா, ஒரு பக்கம். அம்பத்து நாலு நாடு இருக்குது அங்க. எகிப்து ஒண்ணத் தவுத்து மத்த எல்லாத்தையும் கூட்டி ஒரே பக்கம். எல்லாப் பக்கத்துலயும் மேல கொடி இருக்குது. இதுல பாருங்க."

கொடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிங்கத்தின் தலை இருந்தது. நடுவில் ஈட்டி பிடித்த ஒருவன். இடுப்பில் இலைகள், கழுத்தில் எலும்பு மாலை, தொங்குகிற பெரிய உதடு. மற்ற பக்கங்களில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவன் பல்லைக் காட்டி உறுமிக்கொண்டிருந்தான். கீழே நான்கு வரியில் முதல் வரி, இங்கே மக்கள் காட்டில் வாழ்கிறார்கள்.

"இதுக்கு எதுக்கு உங்க பொண்ண எடுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"நல்லா ஆடுவா."

"இவளுக்கு மேக்கப் செலவு மிச்சம்னு கிளாஸ் மிஸ் சொன்னாங்க. கிளாஸ்ல, அத்தன புள்ளைங்க முன்னால. எல்லாம் சிரிச்சிதுங்க." அவர் புத்தகத்தை மூடினார். "அவளும் சிரிச்சா."

நான் கருப்பு. என் வீட்டுக்காரர் என்னைவிடக் கருப்பு. கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் வந்த கோபத்தை விழுங்கியிருக்கிறேன். பத்து வயதில் என் பிள்ளை அதற்குச் சிரிக்கப் பழகிவிட்டாள் என்று கேட்டபோது விழுங்க முடியவில்லை.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எறக்கியிருக்கலாம் இல்ல?" என்றேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? அவங்க சிரிச்சாங்க, நீங்க புடுங்குனீங்க. ரெண்டு பேருமே அவளக் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா" என்றார். "கேட்டிருக்கணும்." ஆளனுப்பி சங்கவியை வகுப்பிலிருந்து வரவழைத்தார். அவளுக்கு நேரே குனிந்து, தன் இயல்புக்கு ஒட்டாத மெதுவான குரலில், "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டார்.

"எனக்கு ஆடணும்."

"என்னவா வந்து ஆடணும்? நீயே சொல்லு."

சங்கவி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். வேகமாகவே முடிவு செய்துவிட்டாள். "சுவிட்சர்லாந்து. மாட்டுக்கு மணி கட்டியிருக்கு. தாவணி மாதிரி வெள்ளையா ஒண்ணு போட்டுக்கலாம்."

மூவருமாகப் பிரின்சிபால் அறைக்குப் போனோம். கிளாஸ் மிஸ்ஸும் அங்கே இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பிரின்சிபால் மேடம் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார். ஆப்பிரிக்கா வேண்டாமென்றால் பரவாயில்லை, நாடுகளின் பெயர்ப் பலகை பிடிக்கிற குழுவில் சேர்த்துவிடலாம் என்றார்.

"அவ ஆடணும்கிறா. சுவிட்சர்லாந்தா வர்றேங்கிறா" என்றேன்.

கிளாஸ் மிஸ் சட்டென்று சொல்லிவிட்டார். "சுவிட்சர்லாந்துக்கு இவ எப்படிங்க?"

சங்கவி என் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படின்னா?" என்று லைப்ரரி மிஸ் கேட்டார். கண்ணாடி மூக்குக்கு ஏறியது. "எப்படின்னா என்ன மேடம்? முழுசாச் சொல்லுங்க. புள்ள நிக்குது, அது காதுல வுழற மாதிரி சொல்லுங்க. நம்ம ஊருப் புள்ள ஒண்ணு பிரான்ஸா வருது, இன்னொண்ணு ஜப்பானா வருது. அதுங்கள்லாம் அங்கயா பொறந்துச்சுங்க? இவ மட்டும் எப்படின்னா?"

"பார்க்க இயல்பா இருக்கணும் இல்லையா?" என்று பிரின்சிபால் மேடம் இழுத்தார். "சுவிட்சர்லாந்துக்கு ஏற்கெனவே ஒரு ஆபீசர் பொண்ணு இருக்கு. அவங்க அப்பா விழாவுக்கு வர்றாரு. கொஞ்சம் புரிஞ்சுக்குங்க."

"புரிஞ்சுபோச்சு" என்றேன். "எம்பொண்ணு உங்க எந்த நாட்டுக்கும் வரல."

வெளியே வந்ததும் லைப்ரரி மிஸ்ஸை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் கான்ட்ராக்ட் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காரணம் கேட்டாராம். மாணவர்களிடம் கடுமையாக நடந்துகொள்கிறார் என்று புகார் இருப்பதாகச் சொன்னார்களாம். ஈரக்கைக்குத் திட்டியதெல்லாம் அன்றைக்குத்தான் அவர்கள் நினைவுக்கு வந்தது. என் பெண்ணை வகுப்பில் வைத்துக் கேலி செய்தவர்கள்மேல் எந்தப் புகாரும் இல்லை. அவர்கள் பெர்மனன்ட்.

அந்தக் கோடையிலேயே அவர் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் உறவுக்காரர்கள் இருக்கிற இடத்துக்குக் குடிபோய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சங்கவியை வேறு பள்ளியில் சேர்த்தோம். இப்போது அவள் கல்லூரியில் இருக்கிறாள். அந்தப் புத்தக வரிசை அதே கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது என்று, பிள்ளைகளை அங்கே சேர்த்திருக்கும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஆனால் லைப்ரரி மிஸ்ஸை நினைக்கும்போது எனக்கு நினைவு வருவது இவையெல்லாம் இல்லை. நிகழ்ச்சி நடந்த சாயங்காலம்தான்.

போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நான் ஆடல. பாக்கவாவது பாக்குறேன்" என்று சங்கவி சொன்னதால் போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். லைப்ரரி மிஸ் எங்களுக்கு ஒரு வரிசை முன்னால் ஓரமாக இருந்தார். ஒவ்வொரு நாடாக மேடைக்கு வந்தது. கிளாஸ் மிஸ்தான் மைக்கில். "அடுத்து பிரான்ஸ். வருபவர் நான்காம் வகுப்பு ஏ பிரிவு, ஹரிணி!" என்று நாட்டின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சேர்த்தே சொன்னார். கைதட்டினார்கள். சுவிட்சர்லாந்து வெள்ளைச் சால்வையோடு வந்தது. அந்தக் குழந்தை அழகாகத்தான் ஆடியது. சங்கவியும் கைதட்டினாள்.

திடீரென்று பறை மாதிரி ஏதோ ஸ்பீக்கரில் அலறியது. "அடுத்து... ஆப்பிரிக்கா!" என்றார் கிளாஸ் மிஸ். வேறு ஒரு பெயரும் வரவில்லை.

வந்தது சங்கவியைவிடச் சின்னக் குழந்தை. அதே எலும்பு மாலை, தொப்புள் வரை தொங்கியது. ஈட்டி அதைவிட உயரம். என் பெண் இல்லையென்றால் இன்னொரு கருப்புப் பிள்ளை. அவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ ஊளையிட்டார்கள். முன்வரிசை சிரித்தது. குழந்தைக்கு ஆட்டம் மறந்துபோய் நடு மேடையில் நின்றுவிட்டது.

லைப்ரரி மிஸ் எழுந்தார்.

"அந்தப் புள்ள பேரு என்ன?"

முதல்முறை யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினார். "எல்லாருக்கும் பேரு சொன்னீங்க இல்ல? அந்தப் புள்ளைக்குப் பேரு இல்லையா? பேரச் சொல்லுங்க!"

பாட்டை நிறுத்தினார்கள். வாட்ச்மேன் அவரை நோக்கி வந்தார். நான் எழுந்துவிட்டேன். "பேரச் சொல்லுங்க!" என்று நானும் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் சங்கவி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். கடைசி வரிசைகளில் எங்களைப் போன்றவர்கள்தான் அதிகம். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்த ஒருவர் எழுந்தார். இரண்டு மூன்று அம்மாக்கள் எழுந்தார்கள். "சொல்லுங்க மிஸ், பேரச் சொல்லுங்க!" என்று சத்தம் பின்னாலிருந்து முன்னால் போனது. வாட்ச்மேன் பாதி வழியில் நின்றுவிட்டார்.

கிளாஸ் மிஸ் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் மேடம் பக்கத்தில் இருந்த ஆபீசரைப் பார்த்தார். கிளாஸ் மிஸ்ஸுக்குப் பெயர் தெரியவில்லை. மேடையோரம் குனிந்து யாரிடமோ கேட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"ர. பவித்ரா" என்றது மைக். "மூன்றாம் வகுப்பு, பி பிரிவு."

மேடையில் நின்ற குழந்தை ஈட்டியை இடது கைக்கு மாற்றியது. வலது கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தியது.

"பிரசண்ட் மிஸ்!"

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன். லைப்ரரி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"பிரசண்டாம்" என்றார். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க."